பார்வையை உறுதி செய்க

மனித குலம் இதுவரை ஒரு தவறும் செய்ததில்லை.

போர்கள், விவாகரத்துகள், தப்பான பேருந்தில் ஏறி முன்பின் தெரியாத ஊரில் இறங்கி நின்றது, எல்லாவற்றுக்கும் காரணம் மோசமான பொத்தான்கள். பொத்தானைச் சரியான இடத்தில், சரியான அளவில், சரியான சொல்லோடு வைத்திருந்தால் உலக வரலாறே அமைதியாக, அநேகமாகப் படிக்கச் சலிப்பாக இருந்திருக்கும்.

இது பெரியவனின் கொள்கை. இதை அவன் பல் தேய்க்கும்போதுகூடச் சொல்வான். ஒருமுறைகூடச் சிரித்துக்கொண்டு சொன்னதில்லை.

பெரியவன் என்பது வீட்டில் மூத்த பிள்ளை என்பதால் வந்த பெயர். அலுவலகத்தில் அவன் 'அளவு சார்'. கைபேசிச் செயலிகள் மனிதர்களின் கைக்கு எவ்வளவு வசப்படுகின்றன என்று அளப்பது அவன் உத்தியோகம். வெளியாள் ஒருவரை வரவழைத்து, கையில் போனைக் கொடுத்து, ஒரு காரியத்தைச் செய்யச் சொல்வார்கள். அவர் திணறுவதை அடுத்த அறையில் உட்கார்ந்து இவன் திரையில் பார்ப்பான். முடித்தாரா, எங்கே தடுக்கினார், எவ்வளவு நேரம் முழித்தார், போகும்போது என்ன சொல்லிவிட்டுப் போனார்.

"எதிர் வீட்டு ஜன்னல்லேர்ந்து இதைப் பண்ணா வம்பு. ஏசி ரூம்ல பண்ணா ஆராய்ச்சி" என்பாள் அவன் தங்கை, சின்னவள்.

அந்த ஆராய்ச்சியில் ஒரே ஒரு மகாபாவம் உண்டு. உதவி செய்வது. வந்தவர் எவ்வளவு தவித்தாலும் கூட இருப்பவர் கல்லாக உட்கார்ந்திருக்க வேண்டும். போன மாதம் சோதனை நடத்தும் பெண், வழி தெரியாமல் தவித்த ஒரு முதியவருக்கு மனசு கேட்காமல் திரையில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டிவிட்டாள். அன்றிலிருந்து அவள் பெயர் 'விரல்'. "விரல் வந்தாச்சா? எல்லாரும் கண்ணைப் பத்திரமா பார்த்துக்குங்க" என்றுதான் பெரியவன் கூட்டத்தையே ஆரம்பிப்பான். பலகையில் கட்டுப்போட்ட விரல் ஒன்றை வரைந்தும் வைத்திருந்தான். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள், வேறு வழியில்லாதவர்கள் சிரிக்கிற மாதிரி.

போன வாரம் ஊருக்குப் போயிருந்த வாசகர்களுக்கு வீட்டு நிலவரம்: அம்மாவின் மேசை பின்கட்டு ஷெட்டுக்குப் போய்விட்டது. அம்மா அச்சகத்தில் பிழைதிருத்துநராக இருந்து ஓய்வு பெற்றவள். இன்னமும் திருத்த வேண்டிய அச்சுப் படிகள் கட்டுக்கட்டாக அவளைத் தேடி வீட்டுக்கு வரும். ஜன்னலோரம் அவள் மேசை இருந்த இடத்தில் இப்போது அப்பாவின் சாய்வு நாற்காலி. முழங்கால் வலியால் ஒரு படிகூட ஏற முடியாத அப்பாவுக்கு, அங்கே உட்கார்ந்தால் டிவி, மின்விசிறி, அம்மா எல்லாமே கைக்கெட்டும் தூரம். இந்த இடமாற்றத்துக்கு அளவெடுத்துப் படம் வரைந்து கொடுத்தவன் பெரியவன். அம்மா படத்தைப் பார்த்துவிட்டு "சரி" என்றாள். அதை அவன் முழுத் திருப்தி என்று எடுத்துக்கொண்டான்.

இன்று காலை அம்மா புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

"கண் டாக்டர்கிட்ட போறேன். சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்."

"எதுல என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அப்பா, நாற்காலியிலிருந்து.

"மூடியைத் தொறந்தா தெரியும்."

அப்பா திகைத்துப்போனார். அன்றைய முதல் அதிர்ச்சி அவருக்குத்தான். ஆனால் அது ரொம்பச் சின்னது.

*

இப்போது சோதிக்கும் செயலி, வாடகை வீடு தேடித் தருவது. எந்த நிறுவனத்துடையது என்று வருகிறவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக, சோதனைக்கென்று பெயர்ப்பலகை இல்லாத இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஆட்களைப் பிடித்துத் தருவது ஓர் ஏஜென்சி. அவர்களிடம் பெரியவன் கறாராகச் சொல்லியிருந்தான்.

"நடிக்கிறவங்க வேண்டாம். நிஜமாவே வீடு தேடுறவங்கதான் வேணும். தவிப்போட வரணும். செயலியும் நிஜம், வீடும் நிஜம். அப்பதான் அளவு சரியா வரும்."

வருகிறவர் கூச்சப்படக்கூடாது என்று முகத்தைப் படமெடுக்க வேண்டாம் என்றதும் அவன்தான். கேமராவில் போனும் இரண்டு கைகளும் மட்டுமே தெரியும்.

பெரியவன் காபியோடு திரைக்கு முன்னால் உட்கார்ந்தான். அடுத்த அறையில் கதவு திறந்தது. நாற்காலி இழுபட்டது. கைகள் வந்தன.

வலது கை நடுவிரலின் ஓரத்தில் சிவப்பு மைக் கறை. எப்போதோ கதவிடுக்கில் நசுங்கி வெளிப்பக்கம் வளைந்த சுண்டுவிரல். அந்தக் கையிடம் அவன் சோறு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறான். அதே கையிடம் அடியும் வாங்கியிருக்கிறான்.

சே, உலகத்தில் சிவப்பு மைக்குப் பஞ்சமா என்ன? வளைந்த விரலுக்குத்தான் பஞ்சமா? யாரோ ஒரு வாத்தியாரம்மாவாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு ஒரு வாய் காபியை உறிஞ்சினான்.

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லலாமா?" என்றது குரல். "இங்க 'வீட்டு சொந்தக்காரர்'னு போட்டிருக்கீங்க. நடுவுல ஒரு 'ச்' வரணும். சொந்தக்காரர் வந்துட்டார், 'ச்' வரல."

காபி உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. கன்னத்தில் அப்படியே நின்றது.

அம்மா.

நிஜமாகவே வீடு தேடுகிறவர்கள்தான் வேண்டும் என்று ஏஜென்சியிடம் சொன்ன அவன் குரலே அவன் காதில் கேட்டது.

"அம்மா, நீங்க மனசுல நினைக்கிறதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யணும். இங்க சரி, தப்புன்னு எதுவும் கிடையாது" என்றாள் விரல்.

"நினைக்கிறதை எல்லாமா?"

"எல்லாத்தையும்."

"யாரும் இதுவரைக்கும் கேட்டதில்லையே" என்றாள் அம்மா. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தாள்.

"வீடு எப்படி வேணும்னு கேக்குது. ஒரு ரூம், ஒரு ஹால் போதும். பெருசா இருந்தா பெருக்கித்தான் சாகணும். ஜன்னல் வேணும். வெளிச்சம் இடது பக்கத்துலேர்ந்து விழணும், இல்லாட்டி எழுதும்போது கையோட நிழலே எழுத்து மேல விழும். ஷெட்டுல அதான் பிரச்சினை, வெளிச்சமே கிடையாது, எலியெல்லாம் ப்ரூஃப் பாக்குது."

விரல் களுக்கென்று சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டாள். பெரியவனுக்கு வியர்த்தது. ஏசி தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது.

"எத்தனை பேர் தங்கப் போறீங்கன்னு கேக்குது." கட்டைவிரல் 'ஒருவர்' மேல் போய் நின்றது. அங்கேயே நின்றது. பிறகு நகர்ந்து 'இருவர்' மேல் அழுந்தியது.

பெரியவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இருவர்! அம்மாவும் அப்பாவும். வயசான காலத்தில் இரண்டு பேரும் தனியாக இருக்க ஆசைப்படுகிறார்கள். மருமகள் வருவதற்கு முன்பே மாமியார் வழிவிடுகிறாள். எவ்வளவு நாகரிகம்!

"இந்த வீடு நல்லா இருக்கு. ஜன்னல் பாருங்க, வாசல் மாதிரி. மூணாவது மாடி. லிஃப்ட் இல்லையாம்." அம்மா ஒரு நொடி யோசித்தாள். "பரவாயில்ல. அவங்களுக்கு மாடி ஏறுறது ஒரு விஷயமே இல்ல."

வந்த உயிர் வந்த வழியே திரும்பிப் போனது.

அவங்க.

அம்மா அப்பாவைச் சொல்லும்போது 'உங்கப்பா' என்பாள். வெளியாரிடம் 'எங்க வீட்டுக்காரர்' என்பாள். 'அவங்க' என்று ஒருநாளும் சொன்னதில்லை. யார் இந்த அவங்க? ஆணா, பெண்ணா? மரியாதைக்கு அவங்களா, வயசுக்கு அவங்களா? மொழி என்று ஒன்றைச் செய்தவர்கள் இந்தச் சொல்லை வெளியே விடுவதற்கு முன் நாலு பேரிடம் கொடுத்துச் சோதித்திருக்க வேண்டாமா? அதுவும் பேசுகிறவள் பிழைதிருத்துநர். வாய் தவறி வந்த சொல்லாக இருக்கவும் வழியில்லை.

அவன் வராந்தாவுக்கு ஓடிப்போய்ச் சின்னவளுக்குப் போன் போட்டான்.

"அம்மா எங்க?"

"கண் டாக்டர்கிட்ட. காலைல சொல்லிட்டுத்தானே போனாங்க?"

"எந்தக் கண் டாக்டர்?"

"கண்ணைப் பாக்குற டாக்டர்."

"ஏய், விளையாடாத. அம்மா உன்கிட்ட ஏதாவது சொன்னாங்களா? முக்கியமா?"

"சொன்னாங்களே."

"என்ன?"

"இனிமே உன் துணியை நீயே மடிச்சு வெச்சுக்கணுமாம்."

பெரியவன் சுவரில் சாய்ந்தான். "அம்மாவுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா? மாடி ஏறுறவங்க?"

"என்னண்ணா கேள்வி இது? அப்பாவைத் தவிர உலகத்துல எல்லாருமே மாடி ஏறுறவங்கதான். ஆபீஸ்ல ஏதாவது பொத்தான் உன் மேல விழுந்துடுச்சா?"

போனை வைத்துவிட்டான்.

*

திரும்பி வந்தபோது அம்மா கடைசித் திரைக்கு வந்திருந்தாள். நாளைக் காலை வீட்டை நேரில் போய்ப் பார்ப்பதாக நேரம்கூடக் குறித்தாயிற்று. மிச்சம் ஒரே ஒரு பொத்தான்.

அதன் மேல் எழுதியிருந்தது: 'பார்வையை உறுதி செய்க.'

அதற்கு ஒப்புதல் கொடுத்தவன் பெரியவன். வீட்டைப் பார்வையிட வருவதை உறுதி செய்யச் சொல்கிறார்களாம். சோதனைக்கு வந்த இளைஞர்கள் அத்தனை பேரும் தயங்காமல் அதை அழுத்தினார்கள். ஒருவரும் படிக்கவில்லை என்பதால் ஒருவரும் தடுக்கி விழவில்லை. முழு வெற்றி என்று அறிக்கையும் போய்விட்டது.

அம்மா படித்தாள். வாழ்நாள் முழுக்க எழுத்தெழுத்தாகப் படித்துச் சம்பாதித்தவள்.

"பார்வையை உறுதி செய்க. எதுக்கு? வீடு கேட்டா இது கண்ணைக் கேக்குதே. வயசானவள்னு தெரிஞ்சுபோச்சா? கண்ணாடி போட்டுத்தானே இருக்கேன்?"

கை பின்னால் போனது. மறுபடி வந்தது. மறுபடி அதே பொத்தான். பொத்தானுக்கு அடியில் சின்ன எழுத்து: மாலை ஆறு மணிக்குள் உறுதி செய்யாவிட்டால் வீடு அடுத்தவருக்குக் காட்டப்படும். அதையும் அவள் படித்தாள். கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே, ஓர் அரிசி தூரத்தில் நின்று, திரும்பிப் போனது.

பெரியவனின் கணினியில் விரலிடமிருந்து ஒரு வரி வந்து விழுந்தது. 'பாவமா இருக்கு சார். காட்டட்டுமா?'

அவன் விசைகளின் மேல் கையை வைத்தான். உதவக்கூடாது என்பது விதி. அந்த விதியை எழுதியவன் அவன். ஆனால் அந்த நிமிஷம் அவன் விதியை நினைக்கவில்லை. அந்தப் பொத்தான் அழுந்தாவிட்டால் வீடு கைநழுவிப்போகும். அம்மா சாயங்காலம் வந்து காபி போடுவாள். எல்லாம் முன்பு போலவே இருக்கும். உலகத்திலேயே முதல் தடவையாக ஒரு மோசமான பொத்தானை அவன் நெஞ்சார வாழ்த்தினான்.

'வேண்டாம்' என்று தட்டினான்.

"இது எனக்கு வர மாட்டேங்குதும்மா" என்று போனை மேசையில் வைத்தாள் அம்மா. "என் போன்லயும் இது இருக்கு. வீட்டுக்குப் போய்ப் பொறுமையா பாத்துக்கறேன்."

"சரிம்மா. கடைசியா ரெண்டே கேள்வி. இந்தச் செயலியை மத்தவங்களுக்குச் சொல்வீங்களா?"

"சொல்வேனே. வீட்ல மட்டும் சொல்ல மாட்டேன்."

"இப்ப இருக்கற வீட்ல என்னம்மா குறை?"

கைகள் ஒன்றின் மேல் ஒன்று அடங்கின. "குறையெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. எல்லாருக்கும் எல்லாமே கைக்கெட்டுற தூரத்துல இருக்கு. நானும் அங்கயே நிக்க வேண்டியிருக்கு. அவ்வளவுதான்."

கைகள் திரையைவிட்டுப் போயின. பெரியவன் காலி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விரல் உள்ளே வந்தாள். "நான்தான் சார் தப்பு பண்ணப் பாத்தேன். நீங்க அசையவே இல்ல. எப்படி சார் உங்களால முடியுது?"

 சொல்லிவிட்டு அவன் காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

*

அவன் வீட்டுக்குள் நுழையும்போது வெயில் இறங்கியிருந்தது.

"வந்துட்டியா?" என்றார் அப்பா நாற்காலியிலிருந்து. "உங்கம்மா வந்ததுலேர்ந்து போனைக் குடைஞ்சுக்கிட்டிருக்கா. காபி கேட்டு எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா? நீ அளக்குறவன்தானே, அளந்து சொல்லு."

சமையலறையில் அம்மா அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றிருந்தாள். அடுப்பு எரியவில்லை. அவனைப் பார்த்ததும் போன் மேல் கைப்பிடித் துணியை எடுத்துப் போட்டாள். துணிக்கு அடியிலிருந்து வெளிச்சம் கசிந்தது.

"கண் டாக்டர் என்ன சொன்னாங்க?" என்றான். குரல் யாருடையதோ போல வந்தது.

"பார்வை நல்லாத்தான் இருக்காம். உறுதிதான் பண்ண முடியலையாம்."

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். ஆறு மணிக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா நின்றால் போதும். சும்மா நிற்பதில் அவனை மிஞ்ச அந்த ஊரில் ஆள் கிடையாது.

"தண்ணி!" என்று கூடத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

அம்மாவின் கால் தானாகக் கூடத்துப் பக்கம் திரும்பியது. கை தானாகச் சொம்பை எடுத்தது. அவள் அந்தச் சொம்பை ஒருமுறை பார்த்தாள். பிறகு அதை மேடையில் வைத்துவிட்டு, துணியை விலக்கி, மகன் நிற்கிறானே என்றுகூடப் பார்க்காமல் மறுபடி போனைக் கையில் எடுத்தாள். காலையில் பழகிய பழக்கம், வாய்விட்டே பேசினாள்.

"மறுபடி இதையே கேக்குது. இல்லங்குறதுக்கும் இடமில்ல, ஆமாங்குறதுக்கும் இடமில்ல. எங்கதான் இருக்கு வழி? எல்லாருக்கும் வருது. எனக்குத்தான் வரல. நான்தான் தத்தி."

தப்பில்லாமல் ஒரு வரிகூட அச்சுக்குப் போகவிடாதவள் அவள். தன்னைத்தானே தத்தி என்று சொல்லிக்கொண்டதைக் கேட்டபோது பெரியவனின் நெஞ்சுக்குள் ஏதோ கழன்று விழுந்தது.

அவன் பக்கத்தில் போய் நின்றான். கை சட்டைப்பையில்தான் இருந்தது. எப்போது வெளியே வந்தது என்று அவனுக்கே தெரியாது.

"இதாம்மா" என்றான், யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல. ஆட்காட்டி விரல் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு நின்றது. "இதை அழுத்து."

"கண்ணைப் பத்தி ஏதோ கேக்குதேடா."

"கண்ணு இல்லம்மா. வீட்டைப் போய்ப் பாக்குறதைத்தான் அப்படிப் போட்டிருக்காங்க. பார்வையிடல்."

"அதைப் போடறதா இருந்தா 'பார்வையிடலை உறுதி செய்க'ன்னு வரும். அதுவும் சரியில்ல, பார்வையிடலைன்னா பாக்கலைன்னு ஆயிடும்." அம்மாவின் புருவம் சுருங்கியது. "'வீடு பார்க்க வருகிறேன்'னு போட்டா என்னவாம்? மை தீர்ந்துடுமா?"

"சொல்றேன்மா."

"யார்கிட்ட?"

 அம்மா மெதுவாகத் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். ஓர் அச்சுப் படியில் எத்தனை பிழை இருக்கிறது என்று முதலில் மேலோட்டமாகப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. யாரோடு என்று அவனும் கேட்கவில்லை. 

"தண்ணி கேட்டேனே!" என்றார் அப்பா.

"சொம்பு மேடை மேல இருக்கு" என்று அம்மா குரல் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, பொத்தானை அழுத்தினாள்.

திரை பச்சையாக மின்னியது. கூடத்தில் நாற்காலி கிரீச்சிட்டது. வெகுநாளைக்குப் பிறகு அப்பா எழுந்திருக்கிறார். திரை மாறியது. புதிதாக ஒரு கேள்வி வந்தது: உடன் வருபவரின் பெயர்.

 அவன் விரல் இன்னும் கண்ணாடி மேலேயே இருந்தது, பெயர் எழுத வேண்டிய இடத்தின் மேல், சரியாக.

"விரலை எடுடா" என்றாள் அம்மா. "மறைக்குது."

எடுத்தான்.

அம்மா போனைத் தன் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு முதல் எழுத்தைத் தட்டினாள்.